புகைமூட்டம், வெள்ளம், ஏர்கோன்: கிள்ளான் பள்ளத்தாக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பருவநிலை, தூய்மைக்கேடு பற்றிப் பேசப் போனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் கோலாலம்பூரையும் சுற்றுவட்டாரத்தையும் மனத்தில் வைத்து எழுதியவை. பினாங்குக்காரர்களுக்கும் நடுநடுவே பங்கு உண்டு. ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி கடைசியில் காட்டும் தீர்வுகள் பெரும்பாலும் கண்ணைக் கவராதவை. வாய்க்காலை அடைப்பது, கசிவை நிறுத்துவது, சோற்றைத் தனியாகப் போடுவது மாதிரியானவை. பெரிய இயந்திரம் ஒன்று வந்து எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான்.

அந்தக் காலத்திலும் வெயில் அடித்தது, வெள்ளம் வந்தது. இப்போது என்ன புதுசு?

வந்ததுதான். 1926-லும் 1971-லும் கோலாலம்பூர் மூழ்கியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். விஞ்ஞானிகள் யாரும் "முன்பு வெள்ளமே இல்லை" என்று சொல்லவில்லை. கனமழையின் கனம் கூடுகிறது என்கிறார்கள்.

கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856-இல் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரிவளி இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. 1896-இல் சுவீடனின் ஸ்வாந்தே அரேனியஸ், காற்றில் கரிவளி இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1958 முதல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளவெடுக்கிறார்கள். தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280.

சரி, அது மனிதர் விட்ட புகைதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? சூரியனே சூடாகியிருக்கலாமே?

நல்ல கேள்வி. இதற்குத் தடயவியல் பாணியில் இரண்டு சான்றுகள் உண்டு. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை மிச்சமே இருக்காது. காற்றிலுள்ள கரிவளியில் அந்த வகையின் பங்கு நீர்த்துப்போவதை அளந்திருக்கிறார்கள். பழைய கார்பன் வந்து கலக்கிறது என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது இன்னும் அழகானது. சூரியன் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். கரிவளி காரணம் என்றால் கீழே சூடாகி, மேலடுக்கு குளிர வேண்டும். சியுகுரோ மனாபே 1967-இல் கணினிக் கணக்கில் இதைக் காட்டினார். பிற்பாடு செயற்கைக்கோள்கள் அளந்தபோது மேலடுக்கு குளிர்ந்திருந்தது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும்? இங்கே தினமும் 33 டிகிரிதானே?

காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த இயற்பியல் இது. நம்மைப்போல் கடல் சூழ்ந்த வெப்பமண்டல நாட்டில் நீராவிக்குப் பஞ்சமில்லை. ஆகவே கொட்டும் நாளில் கூடுதலாகக் கொட்டுகிறது. நம் கால்வாய்கள் பழைய மழைக்கணக்கை வைத்துக் கட்டியவை.

2021 டிசம்பர் 18-ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்ததாக அதிகாரிகள் அன்று சொன்னார்கள். ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். அந்த ஆண்டு இறுதியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் நாடு முழுக்க வெள்ளத்தால் ஏற்பட்ட இழப்பைப் புள்ளிவிவரத் துறை 6.1 பில்லியன் ரிங்கிட் என்று மதிப்பிட்டது. 2017 நவம்பரில் பினாங்கிலும் ஒரே இரவு மழையில் ஏழு உயிர்கள் போயின.

இதில் ஒவ்வொரு வெள்ளத்தையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஆற்றோரத் தாழ்நிலத்தில் தாமான் (குடியிருப்பு) கட்ட அனுமதி கொடுத்தது வானம் அல்ல.

ஸ்மார்ட் சுரங்கம் கட்டினார்களே, அப்புறமும் ஏன் வெள்ளம்?

அது செய்ய வேண்டியதைச் செய்கிறது. செய்யாததை எதிர்பார்த்தால்தான் கோபம் வருகிறது. 2007-இல் திறந்த அந்தச் சுரங்கத்தின் நீளம் 9.7 கிலோமீட்டர். அம்பாங் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடத்திலிருந்து மழைநீரை எடுத்து, நகரின் நடுப்பகுதியைத் தாண்டி, தாமான் டேசா பக்கமுள்ள குளத்தில் கொண்டுபோய் விடும். வழியில் சில கிலோமீட்டருக்கு இரண்டடுக்குச் சாலையும் உள்ளே இருக்கிறது. பெருமழைக்குச் சாலையை மூடிவிட்டு அதிலும் தண்ணீரை விடுவார்கள். மஸ்ஜிட் ஜாமெக் சுற்றுவட்டாரத்தைக் காப்பாற்றத்தான் அது. ஷா ஆலாமையோ பூச்சோங்கையோ காப்பாற்ற அல்ல. ஆற்றில் வந்து சேராமல், சாலையோரக் கால்வாயிலேயே அடைத்துக்கொண்டு நிற்கும் நீரையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

நகரத்தில் மழைநீரை எவ்வளவு வேகமாக ஆற்றுக்குத் தள்ளுகிறோமோ அவ்வளவு வேகமாக ஆறு நிரம்பும். அதனால், பெய்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து மெல்ல விட வேண்டும் என்பது நீரியலாளர்கள் சொல்லும் வழி. வடிகால் நீர்ப்பாசனத் துறையும் இதையே கையேடாக 2000-ஆம் ஆண்டு வெளியிட்டு, 2012-இல் திருத்தியது. புதுத் தாமான்களில் தெருக்கோடியில் வேலி போட்டுக் கிடக்கும் குளம் அதற்குத்தான். அந்தக் குளத்தை நிரப்பி அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று பலகை வைத்தால், ஆட்சேபம் தெரிவிக்கக் குடியிருப்பாளர்களுக்குக் கொடுக்கும் கால அவகாசத்தை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு கடிதம் பத்து மரம் நடுவதைவிடப் பயனுள்ளது.

புகைமூட்டம் ஒவ்வொரு முறையும் ஏன் இவ்வளவு மோசமாக வருகிறது? காடு எரிந்தால் சில நாளில் அணைந்துவிடாதா?

மரம் மட்டும் எரிந்தால் அணைந்துவிடும். இங்கே மண்ணே எரிகிறது.

சுமத்ரா, கலிமந்தான் கடலோரங்களில், நம் சிலாங்கூரிலும்கூட, காம்புட் மண் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் தண்ணீரில் ஊறிக் கிடந்ததால் மக்காமல், பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்த சதுப்பு நிலம் அது. பூமியின் நிலப்பரப்பில் இப்படிப்பட்ட நிலம் சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் மண்ணிலுள்ள கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதில்தான் இருக்கிறது. நனைந்திருக்கும்வரை இது எரியாது. செம்பனைக்கும் காகித மரத்துக்கும் வேண்டி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால்தான் சிக்கல். மேல்மண் காய்கிறது. ஒரு தீக்குச்சி போதும். காய்ந்த தேங்காய் மட்டை உள்ளுக்குள்ளே கனல்வதுபோல் நெருப்பு மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் நகரும். மேலே தண்ணீர் ஊற்றினால் ஒரு இடத்தில் அடங்கி வேறு இடத்தில் கிளம்பும். சுடர் இல்லாமல் கனலும் நெருப்பு அரைகுறையாக எரிவதால் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் அதிகம் வரும். தொண்டை எரிவது அதனால்தான்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் இந்தோனேசியாவில் மழை தள்ளிப்போகும். 1997, 2015 இரண்டுமே அப்படிப்பட்ட ஆண்டுகள். 1997-இல் இந்தோனேசியக் காம்புட் நிலங்களும் காடுகளும் எரிந்து வெளிவந்த கார்பன், அந்த ஆண்டு உலகமே எரிபொருள் எரித்து வெளியேற்றியதில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என்று சூசன் பேஜ் குழுவினர் 2002-இல் கணித்தார்கள். வரம்பு ஏன் இவ்வளவு அகலம் என்றால், எவ்வளவு ஆழத்துக்கு மண் எரிந்தது என்பதைத் துல்லியமாக அளப்பது கடினம். 2015 புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூரில் சுமார் 100,000 பேர் உரிய காலத்துக்கு முன் இறந்திருக்கக்கூடும், அதில் மலேசியாவில் சுமார் 6,500 பேர் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் எழுதினார்கள். இது கணினி மாதிரியின் கணக்கு, சவப்பெட்டி எண்ணிய கணக்கு அல்ல. அரசுகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் புகையால் யாருமே சாகவில்லை என்பதற்கு அவர்களும் ஆதாரம் காட்டவில்லை.

அப்படியானால் என்னதான் வழி? மேகத்தில் உப்புத் தூவுகிறார்களே?

செயற்கை மழைக்கு மேகம் முதலில் இருக்க வேண்டும். வறண்ட வானத்தில் அது பலிக்காது. விமானம் பறந்தால் செய்தியில் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆய்வுகள் ஒருமுகமாகச் சொல்வது நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்து என்பதைத்தான். வெட்டிய வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் தேங்கும், மண் நனையும், தீ பிடிக்காது. இந்தோனேசியா, பயிரிட்ட காம்புட் நிலத்தில் நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று விதி போட்டது. 2015 பேரழிவுக்குப் பிறகு, 2016 ஜனவரியில், இருபது லட்சம் ஹெக்டரை மீட்க ஒரு தனி அமைப்பையும் ஏற்படுத்தியது.

இதைப் பார்க்க சுமத்ரா போக வேண்டியதில்லை. வட சிலாங்கூரில் ராஜா மூசா வனக் காப்பகம் இருக்கிறது. பழைய ஈயச் சுரங்க, மரவெட்டு வாய்க்கால்களால் காய்ந்து பலமுறை எரிந்த இடம். சிலாங்கூர் வனத்துறையும் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள உலகச் சுற்றுச்சூழல் மையமும் 2008 முதல் அங்கே வாய்க்கால்களைக் களிமண்ணால் அடைத்து, மாஹாங் மரக்கன்றுகளை நட்டு வருகின்றன. சுற்றியுள்ள கிராமத்து மக்கள் தீக்காவல் பார்க்கிறார்கள். களிமண், மண்வெட்டி, நீர்மட்டம் பார்க்க ஒரு பிளாஸ்டிக் குழாய். பருவநிலைத் தீர்வு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குழாய்தான்.

எல்லாம் இந்தோனேசியாவால்தானே?

பெரும்பங்கு அங்கிருந்துதான். ஆனால் அங்கே நிலம் வைத்திருக்கும் கம்பெனிகளில் மலேசியாவோடு தொடர்புடையவையும் உண்டு. 2019-இல் அவற்றில் சிலவற்றின் நிலத்தை இந்தோனேசியா முத்திரையிட்டது. கிள்ளானுக்குப் பக்கத்திலுள்ள ஜொஹான் செத்தியாவிலும் காம்புட் மண் இருக்கிறது. காற்று சுமத்ரா பக்கமிருந்து வீசாத நாளிலும் அங்கே அளவு ஏறுவதைப் பார்க்கலாம். எல்லை தாண்டிய புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002-இல் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்றது 2014-இல். ஒப்பந்தத்தில் தண்டனை எதுவும் இல்லை. சிங்கப்பூர் 2014-இல் சொந்தமாக ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. நம்மிடம் இன்னும் அப்படி ஒன்று இல்லாதது குறைதான்.

ஐபியூ எண் 90 என்று காட்டுகிறது, ஆனால் எதிர் புளோக் தெரியவில்லை. எண்ணை மாற்றிக் காட்டுகிறார்களா?

மாற்றவில்லை. எண் பின்தங்கி வருகிறது. நுண்துகளுக்கான ஐபியூ, அதாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, கடந்த 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மதியம் திடீரென்று புகை சூழ்ந்தால், நேற்றைய நல்ல காற்றும் சேர்ந்து சராசரி தாழ்ந்தே இருக்கும். புகை கலைந்த பிறகு எண் மட்டும் உயரத்தில் நிற்பதும் இதனால்தான். ஆகவே எண்ணோடு கண்ணையும் மூக்கையும் நம்புங்கள்.

படிநிலைகள்: 50 வரை நன்று, 100 வரை மிதம், 101 முதல் ஆரோக்கியமற்றது, 201 முதல் மிகவும் ஆரோக்கியமற்றது, 300-ஐத் தாண்டினால் அபாயம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் 500-ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவித்தார்கள். 2013 ஜூனில் மூவாரில் 700-ஐத் தாண்டியது.

ஆராய்ச்சி கொள்கையை மாற்றிய கதை ஒன்று இதில் உண்டு. முன்பு நம் குறியீடு பெரிய துகளான பிஎம் 10-ஐத்தான் எண்ணியது. நுரையீரலின் அடியாழம்வரை போவதும் இரத்தத்தில் கலப்பதும் பிஎம் 2.5 என்று உலகெங்கும் ஆய்வுகள் காட்டின. தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு அது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் முகமட் தாலிப் லத்திஃப் போன்றவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக் காற்றில் என்ன இருக்கிறது, எதிலிருந்து வருகிறது என்று தொடர்ந்து எழுதினார்கள். 2018 முதல் பிஎம் 2.5 குறியீட்டில் சேர்ந்தது. எண் சட்டென்று உயர்ந்தது. காற்று அன்று காலை கெட்டுப்போகவில்லை, எண்ணத் தொடங்கினார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பிஎம் 2.5-க்கு மலேசியா வைத்திருக்கும் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. "மிதம்" என்று வரும் நாள் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மிதமாக இராது.

எந்த முகக்கவசம் போடுவது?

என்95. முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். சாதாரண மூன்றடுக்குக் கவசம் ஓரத்தில் காற்றை விட்டுவிடும், துணிக்கவசம் மனநிம்மதிக்குத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு என்95 சரியாகப் பொருந்தாது, அவர்களை வெளியே விடாமல் இருப்பதே நல்லது.

ஏர் பியூரிஃபையர் வாங்க வசதி இல்லை.

ஒரு படுக்கையறையை மட்டும் சுத்த அறையாக வைத்துக்கொள்ளுங்கள். சன்னலைச் சாத்தி, இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, சமையல் புகை போகாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, பெட்டி மின்விசிறியைச் சுற்றி நல்ல காற்று வடிகட்டிகளைச் சதுரமாக ஒட்டும் முறை ஒன்று உண்டு. 2020-இல் ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியாளரும் வடிகட்டி நிறுவனம் நடத்திய ஜிம் ரோசென்தாலும் பரப்பியது. பின்னர் ஆய்வகங்களில் சோதித்தபோது விலையுயர்ந்த கருவிகளோடு போட்டியிட்டது. பழைய, சூடேறும் மின்விசிறியில் செய்ய வேண்டாம். ஆள் இல்லாத வீட்டில் ஓட விட வேண்டாம்.

தீபாவளிப் பட்டாசையும் சாம்பிராணியையும் குறை சொல்ல மட்டும்தான் உங்களுக்குத் தெரியுமா?

கோபம் புரிகிறது. ஆண்டில் ஓரிரு இரவுப் பட்டாசு, ஆண்டு முழுக்க ஓடும் லாரி, மோட்டார், தொழிற்சாலைப் புகையோடு ஒப்பிடத்தக்கதே அல்ல. ஆனால் அன்றிரவு அந்தத் தெருவில் நுண்துகள் எகிறுவது அளவில் தெளிவாகத் தெரியும், மூச்சிரைப்பு உள்ள பாட்டிக்கு அந்த ஓரிரவே போதும்.

வீட்டுக்குள் எரியும் ஊதுபத்தி வேறு விஷயம், ஏனென்றால் அது தினசரி. மூடிய சாமியறையில் பத்தி, கற்பூரம், சாம்பிராணி மூன்றும் சேர்ந்தால், வெளியே நல்ல காற்று இருக்கும் நாளிலும் உள்ளே புகைமூட்ட நாளின் அளவைத் தொடலாம். சன்னலைத் திறந்து வையுங்கள். விளக்கு மட்டும் ஏற்றினால் சாமி கோபித்துக்கொள்ளாது என்பது என் சொந்தக் கருத்து.

ஏர்கோன் இல்லாமல் தூங்க முடியவில்லை. அதையும் குற்றம் சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன். இந்த ஊர் வெப்பத்தில் வயதானவர்களுக்கு அது உயிர்காக்கும் பொருள். ஆனால் ஏர்கோனுக்குள் இருக்கும் வாயுவின் கதையைச் சொல்ல ஆசை. ஆராய்ச்சி உலகத்தைத் திருத்தியதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

1974-இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இருவர், அப்போது குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த சிஎஃப்சி வாயு மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று தாளில் காட்டினார்கள். தொழில்துறை சிரித்தது. 1985-இல் அண்டார்டிகாவில் ஓசோன் கடுமையாகக் குறைவதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தரையிலிருந்தே அளந்து வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில், 1987-இல், மொன்றியல் ஒப்பந்தம். இன்று ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. சிஎஃப்சி வெப்பத்தையும் கடுமையாகப் பிடித்து வைக்கும் வாயு என்பதால், அதை நிறுத்தியது பருவநிலைக்கும் பெரிய உபகாரமாகப் போனது.

கடைசியில் மாற்றாக வந்தவை ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பத்தைப் பிடிக்கும். ஆர்410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2,000 கிலோ கரிவளிக்குச் சமம். ஆர்32 என்றால் சுமார் 675. இவற்றைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் இன்னோர் உடன்பாடு வந்தது.

இதில் நீங்கள் செய்யக்கூடியது: புதிதாக வாங்கும்போது ஆர்32-ஆ என்று பாருங்கள், ஐந்து நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். அப்புறம் முக்கியமானது, ஆண்டுதோறும் "கேஸ் குறைந்துவிட்டது" என்று நிரப்பிப் போகும் ஆளிடம் கசிவு எங்கே என்று கேளுங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் காசும் காற்றில், கேஸும் காற்றில்.

இரவு பத்து மணிக்கும் சுவர் சூடாக இருக்கிறதே, ஏன்?

சிமெண்டும் தாரும் பகல் வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் விடுகின்றன. நம் ஊரில் இதை 1970-களிலிருந்தே அளந்து எழுதியவர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஷாம் சானி. நகர நடுவுக்கும் புறநகருக்கும் இரவு வெப்பத்தில் பல டிகிரி வித்தியாசம் இருப்பதை அவர் காட்டினார். கூரைக்கு வெளிர்நிற, வெயிலைத் திருப்பியனுப்பும் சாயம் அடிப்பதும் மேற்குச் சுவருக்கு நிழல் கொடுப்பதும் மலிவான வழிகள். முற்றத்தை முழுக்க சிமெண்ட் பூசுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

மரம் நட்டால் போதாதா? எங்கள் இளைஞர் மன்றம் ஆண்டுதோறும் நடுகிறது.

நட்ட மரத்தில் எத்தனை மூன்று ஆண்டு கழித்து நிற்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கும் மன்றங்களே அதிகம்.

பினாங்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள கரையோர மீனவர் நலச் சங்கம் 1997 வாக்கிலிருந்து, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களை நட்டு வருகிறது. மீன் குறைந்ததால் அவர்கள் தொடங்கியது அது. இறாலும் நண்டும் குஞ்சு பொரிப்பது அங்கேதான் என்று மீனவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள். அதன்பிறகுதான் நாடே அலையாத்தி பற்றிப் பேசியது.

அப்போது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டக் கரையோர ஊர்களை ஆராய்ந்து, மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று 2005-இல் ஆய்வுகள் வந்தன. அடுத்த ஆண்டே வேறு சிலர் அந்தப் புள்ளிவிவரங்களில் சிலவற்றை மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரும்பாலும் காப்பாற்றின, மரத்தின் பங்கு சிறிது என்றார்கள். விவாதம் நீண்டது. சாதாரண அலைகளையும் புயல் அலைகளையும் அலையாத்தி தணிக்கும் என்பதில் சண்டை இல்லை. ஆழிப்பேரலைக்கு அதை மட்டும் நம்பாதே என்பது மிஞ்சியது. மரத்தை நேசிப்பவர்களுக்கு இது கசக்கும். அப்படிக் கசந்ததையும் பத்திரிகையில் போடுகிறார்கள் என்பதால்தான் நான் இந்தத் துறையை நம்புகிறேன்.

மழை கொட்டுகிற நாட்டில் குழாயில் தண்ணீர் ஏன் அடிக்கடி நிற்கிறது?

பல சமயம் தண்ணீர் இல்லாததால் அல்ல, ஆற்றில் வந்த தண்ணீரைச் சுத்திகரிக்க முடியாததால். 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் யாரோ விட்ட கழிவின் நாற்றத்தால் சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. ஏறத்தாழ 12 லட்சம் வீடுகளும் கடைகளும் வறண்டன. நம் ஆறுகளின் தரத்தை ஆறு அளவுகளால் மதிப்பிடுகிறார்கள்: கரைந்த உயிர்வளி, அதைத் தின்னும் கழிவுகளுக்கு இரண்டு அளவுகள், அமோனியா, மிதக்கும் மண், அமிலத்தன்மை. நாற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நகரத்தையே நிறுத்தியது நாற்றம். ஆற்றில் உடனுக்குடன் அளக்கும் கருவிகளைத் தொழிற்பேட்டைகளுக்குக் கீழேயே வைக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்பது இதற்காகத்தான்.

குப்பையைப் பிரித்துப் போட்டாலும் லாரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் முதல் பிரிப்பது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் பொதுக்குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். சிலாங்கூரும் பினாங்கும் அந்தக் கூட்டரசுச் சட்டத்துக்கு வெளியே, தங்கள் வழியில் செய்கின்றன. நாள் மாற்றிப் போட்டால் ஒன்றாகத்தான் போகும்.

ஆனால் பிளாஸ்டிக்கைவிட நான் கவலைப்படுவது சோற்றைப் பற்றி. நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி உணவு. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேன் விடும். இருபது ஆண்டுக் கணக்கில் அது கரிவளியைவிட 80 மடங்கு சூடேற்றும். காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவுதான் இருக்கும் என்பதால், இதைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாதத்தைப் பற்றி யாராவது முதலில் பேச வேண்டும்.

என் மாமா செம்பனை ஆலையில் வேலை செய்தார். அந்தக் குட்டை நாற்றமும் இதில் சேர்த்தியா?

சேர்த்திதான். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வரும். திறந்த குட்டையில் அதைப் புளிக்க விட்டால் மீத்தேன் கொப்பளிக்கும். குட்டையை மூடி அந்த வாயுவைப் பிடித்தால் மின்சாரம் எடுக்கலாம். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். பழைய ஆலைகள் பல இன்னும் மாறவில்லை. காட்டுக்குள் இருக்கும் ஆலையிலிருந்து மின்கம்பி இழுக்கும் செலவுதான் பெரும்பாலும் தடை.

மலேசியா சின்ன நாடு. நாம் குறைத்து என்ன ஆகப்போகிறது?

உலக வெளியேற்றத்தில் நம் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் உலகச் சராசரியைவிட அதிகம். 2005-ஐ ஒப்பிட்டுப் பொருளாதார உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியேற்றத்தை 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். கவனியுங்கள், மொத்த அளவை அல்ல. பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால் மொத்தம் ஏறிக்கொண்டே இந்த வாக்கையும் காப்பாற்றிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் வருவதில் எதை நம்புவது?

யார் அளந்தது, எங்கே, எப்போது என்ற மூன்றும் இல்லாத எண்ணை அனுப்பாதீர்கள். உலக அளவில், ஐநாவின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி அறிக்கைகளின் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். அதை எழுதியவர்களில் நம்மூர்க்காரர்களும் உண்டு: மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடோலின் தங்காங் 2008 முதல் 2015 வரை முதல் பணிக்குழுவின் துணைத் தலைவராக இருந்தார், அதே பல்கலைக்கழகத்தின் ஜாய் பெரேரா ஆறாவது அறிக்கையின்போது இரண்டாவது பணிக்குழுவின் துணைத் தலைவர்.

எங்கள் தாமானில் தினமும் யாரோ குப்பை எரிக்கிறார்கள். யாரிடம் சொல்வது?

திறந்தவெளி எரிப்பு 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். சுற்றுச்சூழல் துறையிடம் நேரம், இடம், படம் மூன்றோடு புகார் செய்யுங்கள். தீ பெரிதாக இருந்தால் 999. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையும் 1977-இல் தொடங்கிய சஹாபாட் ஆலாம் மலேசியாவையும் நாடலாம், எஸ். எம். முகமது இட்ரிஸ் பல ஆண்டு தலைமை தாங்கி வளர்த்த அமைப்புகள் அவை, தமிழிலேயே பேசலாம்.

என் மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்கிறாள். மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை.

சண்டையில் நான் தலையிடவில்லை. படிக்கும் வழி மட்டும் சொல்கிறேன். இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றையும் விடாமல் வைத்துக்கொள்ளட்டும். கடல், அலையாத்தி என்றால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அதன் கடல் ஆய்வு மையம் தேசியப் பூங்காவின் முக்கா ஹெட் பக்கமே இருக்கிறது. காற்று, வானிலை என்றால் பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம். நீரும் வெள்ளமும் என்றால் கட்டுமானப் பொறியியல் படித்து நீரியலுக்குத் திரும்பலாம்; வடிகால் நீர்ப்பாசனத் துறையிலும் ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள தேசிய நீர் ஆராய்ச்சிக் கழகத்திலும் வேலை உண்டு. புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரலும் தெரிந்தால் எந்த ஆய்வகமும் வேண்டாம் என்று சொல்லாது. மருத்துவமே படித்தாலும் பாதகமில்லை. புகைமூட்ட நாளில் எத்தனை பேர் மூச்சுத்திணறி வந்தார்கள் என்று எண்ணிப் பதிவுசெய்யும் மருத்துவர்கள் நமக்கு இன்னும் நிறையத் தேவை.